அண்ணியின் கடிதங்களுக்கு ஒரு பூட்டு

வியாழக்கிழமை மத்தியானம் அண்ணன் போன் செய்து, ஞாயிற்றுக்கிழமை வந்து கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்து தருகிறேன் என்று சொன்னபோது சுண்டு கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தாள்.

“எதுக்குண்ணா வீண் அலைச்சல்? நல்லாத்தானே ஓடுது” என்று சொல்லிப் பார்த்தாள்.

“நான் கோத்துக் குடுத்த மெஷின். நல்லா ஓடுதா இல்லையான்னு எனக்குத் தெரியாதா? ஃபேன்ல தூசி அடைஞ்சு கிடக்கும். ஒன்பது மணிக்கு வர்றேன், டீ போட்டு வை.”

வேண்டாம் என்று இன்னொரு தடவை சொன்னால் ஏன் என்று கேட்பான். அந்த ஏனுக்குப் பதில் அந்தக் கம்ப்யூட்டருக்குள்ளேயே இருந்தது. அதனால் சரிண்ணா என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

சுண்டு என்பது அண்ணன் வைத்த பெயர்தான். ஐந்தடிக்கு மேல் வளராத குற்றத்துக்கு முப்பத்தெட்டு வயதிலும் அந்தத் தண்டனை தொடர்ந்தது. கல்யாணம் வேண்டாம் என்று அடம்பிடித்து, மாடியில் ஓர் அறையும் சமையலறையுமாகத் தனியாக இருந்தாள். மருந்துப் பெட்டிகள் அச்சடிக்கும் அச்சகத்தில் பிழை பார்ப்பது வேலை. அரை மாத்திரை என்பது ஐந்து மாத்திரை என்று அச்சாகிவிட்டால் யாராவது செத்துப்போவார்கள் என்பதால், அங்கே எல்லாவற்றுக்கும் ஒரு விதி உண்டு. அதில் முதல் விதி, எதையும் திருத்துவதற்கு முன்னால் பழையதை அப்படியே ஒரு நகல் எடுத்து, பெயருக்குப் பின்னால் ‘முந்தையது’ என்று எழுதித் தேதி போட்டு வைத்துவிட வேண்டும். பதினாறு வருடமாக அவள் அதைச் செய்துகொண்டிருந்தாள்.

அண்ணன் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தான். கெட்டிக்காரன். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன பிறகு அவளைப் படிக்கவைத்தவன், அவளுக்குக் காய்ச்சல் என்றால் ராத்திரியெல்லாம் உட்கார்ந்திருந்தவன். இதையெல்லாம் சொல்லாமல் விட்டால் அது பொய்க் கதை ஆகிவிடும். அவன்தான் அண்ணியின் இடது காதையும் அடித்துக் கிழித்தவன்.

அது சுண்டுவுக்குத் தெரியவந்ததே ஒரு தற்செயல். சமையலறையில் அண்ணியின் இடது பக்கம் நின்று மூன்று தடவை கூப்பிட்டும் அண்ணி திரும்பவில்லை. வேண்டுமென்றே பேசாமல் இருக்கிறாளோ என்று சுண்டு கோபித்துக்கொள்ளக்கூடப் பார்த்தாள். அப்போதுதான் அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு, ஏதோ உடைந்த பாத்திரத்தைப் பற்றிச் சொல்வதுபோல, “அந்தக் காது போயிடுச்சு சுண்டு, மூணு மாசமாச்சு” என்று சொன்னாள். அந்த மூன்று மாதத்தில் எத்தனை ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டில் உட்கார்ந்து அண்ணனோடு சிரித்துச் சிரித்துச் சாப்பிட்டிருக்கிறோம் என்று எண்ணிப் பார்த்தபோது அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

எட்டு மாதத்துக்கு முன்பு ஒரு நாள் அண்ணியும் ஏழு வயதுப் பாப்பாவும் காணாமல் போனார்கள். அண்ணன் ஊரைச் சல்லடையாகச் சலித்தான். மாதத்துக்கு இரண்டு தடவை சுண்டுவின் கட்டிலில் வந்து உட்கார்ந்து, “உனக்கு ஏதாவது தெரியுமா?” என்று கேட்டுக் கண்ணைக் கசக்குவான். “தெரியாதுண்ணா” என்பாள் அவள். மூன்று மணி நேரத் தூரத்தில் இருக்கும் ஊருக்கு அவர்களைப் பஸ் ஏற்றிவிட்டதே அவள்தான்.

அண்ணியிடமிருந்து இதுவரை நாற்பத்தொரு மெயில் வந்திருந்தது. காதைப் பார்த்த டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டு, முதுகில் விழுந்த அடிகளின் போட்டோ, எந்தத் தேதியில் என்ன நடந்தது என்ற குறிப்பு எல்லாம் அதில் இருந்தன. ‘என்னைக்காவது கோர்ட்ல கேப்பாங்க சுண்டு. என்கிட்ட சொந்தமா ஒரு பெட்டிகூட இல்ல. நீ பத்திரமா வச்சுக்கோ’ என்று அண்ணி எழுதியிருந்தாள். அதனால் அழிக்க முடியாது. போதாக்குறைக்கு, பாப்பாவைப் பள்ளியில் சேர்க்கிற விண்ணப்பத்தையும் போட்டோ எடுத்து, பிழை இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும்படி அனுப்பியிருந்தாள். வீட்டில் பிழை பார்ப்பவள் ஒருத்தி இருந்தால் யார்தான் விடுவார்கள்? பள்ளியின் பெயர், வீட்டு விலாசம், கதவு எண் வரைக்கும் அதில் இருந்தது. சுண்டு இரண்டு பிழை திருத்தி அனுப்பினாள்.

மெயிலை வெளியே எங்கோ விட்டுவைக்காமல், வந்ததும் வீட்டுக் கம்ப்யூட்டருக்கே இறக்கிக்கொள்ளும்படி அமைத்துக் கொடுத்ததும் அண்ணன்தான். “உன் கடுதாசி உன் வீட்லதான் இருக்கணும்” என்று அன்று பெருமையாகச் சொன்னான்.

வெள்ளிக்கிழமை அச்சகத்தில் சர்வர் அக்காவைப் பிடித்தாள். அச்சகத்தின் கம்ப்யூட்டர்களையெல்லாம் மேய்ப்பது அந்த அக்காதான். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் அந்தப் பெயரைக் கேட்டு, முன்பு ஓட்டலில் பரிமாறிக்கொண்டிருந்தவள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். அக்கா திருத்தவும் மாட்டாள்.

“அக்கா, வீட்டுக் கம்ப்யூட்டர்ல இருக்கிற மெயிலை வேற யாரும் படிக்காம வைக்க முடியுமா? லாகின் பாஸ்வேர்டு இருக்கு.”

“அது வாசக்கதவு மட்டும்தான். டிஸ்க்கைக் கழட்டி வேற மெஷின்ல மாட்டினா வாசலும் இல்ல, கதவும் இல்ல. உன் மெயில் எல்லாம் சும்மா எழுத்தா கிடக்கும். படிக்கத் தெரிஞ்சவன் எவனும் படிச்சிட்டுப் போவான்.”

சுண்டுவின் முகத்தில் ஈயாடவில்லை. அக்கா அதைப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

“யாருக்குப் பயப்படுற?”

“தெரிஞ்சவங்கதான்.”

“மெஷின் தெரிஞ்சவங்களா?”

“அதை உண்டாக்கினதே அவங்கதான்.”

அக்கா அதற்குமேல் துருவவில்லை. ஒரு பென் டிரைவில் ஒரு மென்பொருளைப் போட்டுக் கொடுத்தாள். அது டிஸ்க்கில் ஒரு பெட்டியை உண்டாக்கும். மெயில் வைத்திருக்கும் ஃபோல்டரை அந்தப் பெட்டிக்குள் மாற்றிவிட்டால் எல்லாம் என்கிரிப்ட் ஆகிவிடும். பாஸ்வேர்டு கொடுத்தால்தான் திறக்கும். கொடுக்காவிட்டால், உள்ளே இருப்பது யாருக்கும் வெறும் குப்பை.

“பாஸ்வேர்டை மறந்தா என்னாலயும் திறக்க முடியாது, அதை உண்டாக்கினவனாலயும் முடியாது. உள்ளே போட்டதும் வெளியே இருக்கிறதைச் சுத்தமா அழிச்சிரு. அதுதான் முக்கியம். வெளியே ஒண்ணு கிடந்தா உள்ளே பூட்டுறதுக்கு அர்த்தமே கிடையாது.”

சனிக்கிழமை சாயங்காலம் சுண்டு கதவைத் தாழிட்டு, ஜன்னலைச் சாத்தி, விசிறியை வேகமாக வைத்துவிட்டு உட்கார்ந்தாள். அப்படியும் வியர்த்துக் கொட்டியது. மாடிப்படியில் யாராவது நடந்தால் உடனே திரையை அணைத்தாள். இரண்டு தடவை அது கீழ்வீட்டு அம்மாள், துணி எடுக்கப் போனவள். மூன்றாம் தடவை யாருமே இல்லை.

பெரிய வேலை எதையும் தொடங்கும்போது அவளுடைய கை தன் பாட்டுக்குச் செய்கிற காரியங்களைச் செய்தது. பிறகு பெட்டியை உண்டாக்கினாள். பாஸ்வேர்டாக யோசித்து யோசித்து ஏழு சொற்களைக் கோத்தாள், அண்ணனுக்குத் தெரிந்த பிறந்த நாளோ ஊரோ பெயரோ எதுவும் இல்லாமல். ஒவ்வொரு சொல்லாக எழுதும்போதுதான், தன்னைப் பற்றி அவனுக்குத் தெரியாதது என்று எவ்வளவு கொஞ்சம் இருக்கிறது என்பது அவளுக்கு உறைத்தது. மெயில் பெட்டிக்குள் போனது. வெளியே இருந்த ஃபோல்டரை அழித்தாள், குப்பைத் தொட்டியையும் காலி செய்தாள். கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டு, பெட்டி பூட்டியிருக்கிறதா என்று நான்கு தடவை பார்த்தாள். பூட்டியிருந்தது. அன்று கொஞ்சம் தூக்கம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் சொன்னபடி ஒன்பது மணிக்கு வந்தான். முகம் நன்றாகச் சவரம் செய்திருந்தது. டீயைக் குடித்துவிட்டு, கம்ப்யூட்டரின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, தூரிகையால் தூசியைத் தட்டினான். பாட்டுக்கூட முணுமுணுத்தான். சுண்டு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, ஒரு சட்டையையே மடித்துப் பிரித்து மடித்துக்கொண்டிருந்தாள்.

மூடியை மாட்டிவிட்டுக் கம்ப்யூட்டரைப் போட்டான். சுண்டு லாகின் பாஸ்வேர்டைத் தட்டிவிட்டு மறுபடி கட்டிலுக்குப் போனாள். கொஞ்ச நேரம் எதையெதையோ திறந்து மூடினான். பிறகு அவன் முணுமுணுப்பு நின்றது.

“என்ன சுண்டு, மெயிலைத் திறந்தா ஏதோ கேக்குது?”

“அதுவா… ஆபீஸ்ல போடச் சொன்னாங்கண்ணா. மருந்துக் கம்பெனி பேப்பர் எல்லாம் வீட்டுக்கு வருதில்ல, வெளியே போயிடக் கூடாதாம்.” வெள்ளிக்கிழமையிலிருந்து ஒத்திகை பார்த்து வைத்த பதில் அது.

“யாரு போட்டுக் குடுத்தா?”

“ஆபீஸ்ல ஒரு அக்கா.”

“என்கிட்ட கேட்டிருந்தா நான் போட்டுக் குடுத்திருப்பேனே.”

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது. பின்பு காதைக் கம்ப்யூட்டரின் பக்கம் சாய்த்து, “டிஸ்க் சத்தம் போடுது, கேக்குதா?” என்றான்.

சுண்டுவுக்கு விசிறியின் சத்தம் மட்டும்தான் கேட்டது.

“ரொம்ப நாள் தாங்காது இது. கடைக்குக் கொண்டு போய் எல்லாத்தையும் புது டிஸ்க்குக்கு மாத்திக் கொண்டு வர்றேன். நாளைக்குச் சாயங்காலம் மாட்டிடலாம்.”

“வேண்டாம்ணா, இப்ப என்ன அவசரம்?”

“அவசரம்னு நான் சொன்னேனா?”

அவளைப் பார்த்துச் சிரித்தான். கம்ப்யூட்டரை அணைத்து, மூடியை மறுபடி கழற்றி, ஸ்க்ரூ டிரைவரை எடுத்து நான்கு திருகு திருகினான். உள்ளங்கை அகலமுள்ள அந்த டிஸ்க்கைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். போகும்போது எப்போதும்போல அவள் தலையில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டினான். கீழே பைக் கிளம்பிப் போன பிறகும் அவள் அதே இடத்தில் சட்டையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

பெட்டி பூட்டியிருக்கிறது, பெட்டி பூட்டியிருக்கிறது என்று அன்றைக்கு முழுவதும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அவனே தலைகீழாக நின்றாலும் திறக்க முடியாது. அக்கா சொல்லியிருக்கிறாள்.

திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு அச்சகத்தில் ஓர் இருமல் மருந்தின் பெட்டி அவள் மேஜைக்கு வந்தது. எச்சரிக்கை வரியில் ஒரு சொல் விட்டுப்போயிருந்தது. திருத்துவதற்காகக் கோப்பைத் திறந்தாள். திறந்ததும், எப்போதும்போலக் கை அதை நகல் எடுத்தது, பெயருக்குப் பின்னால் ‘முந்தையது’ என்று தட்டியது, தேதியைப் போடத் தொடங்கியது. பாதித் தேதியில் விரல் நின்றுவிட்டது.

சனிக்கிழமை சாயங்காலமும் இதே கை இதையே செய்திருந்தது.

பெட்டியை உண்டாக்குவதற்கு முன்னால், மெயில் ஃபோல்டரை அப்படியே நகல் எடுத்து, ‘மெயில் முந்தையது’ என்று பெயர் வைத்து, தேதியும் போட்டு, டிஸ்க்கின் இன்னொரு மூலையில் பத்திரமாக வைத்திருந்தாள். பதினாறு வருடப் பழக்கம் அவளைக் கேட்காமலே செய்த காரியம். மெயில் இருந்த இடத்தை அழித்தாளே தவிர, அந்த நகல் அவள் ஞாபகத்துக்கே வரவில்லை. பூட்டின பெட்டிக்குப் பக்கத்தில், பூட்டாமல், உள்ளே என்ன இருக்கிறது என்று பெயர்ப்பலகையும் மாட்டி வைத்திருந்தாள்.

மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். மேற்பார்வையாளர் ஏதோ கேட்டார். வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு வெளியே ஓடி, அண்ணியின் எண்ணுக்கு அடித்தாள். எங்கும் எழுதி வைக்காமல் மனப்பாடம் செய்து வைத்திருந்த எண். மணி அடித்து அடித்து நின்றது. அண்ணி துணி தைக்கும் கம்பெனியில் பட்டன் வைக்கிற வேலையில் இருந்தாள். உள்ளே போகும்போது போனை வாங்கி அலமாரியில் பூட்டிவிடுவார்கள். பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு மணி அடித்தால்தான் கைக்கு வரும். மணி பத்து நாற்பது.

ஒருவேளை அவன் இன்னும் டிஸ்க்கைத் தொடவே இல்லையோ என்னவோ. அந்த ஒரு நப்பாசையில் ஆட்டோ பிடித்துக் கடைக்குப் போனாள். ஷட்டர் இறக்கியிருந்தது. பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் அவளைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர எழுந்து வந்தார்.

“வாங்கம்மா, உங்க அண்ணன் இல்லையே! பத்து மணிக்கே கிளம்பிட்டாரு. பொண்ணு எங்கயோ ஸ்கூல்ல படிக்குதாம், கண்டுபிடிச்சிட்டேன்னு சொன்னாரு. ரொம்ப நாளைக்கப்புறம் மனுஷன் சிரிச்சுப் பார்த்தேன். பாவம், பிள்ளைக்குன்னு ஒரு பொம்மைகூட வாங்கிட்டுப் போறாரு.”

“பஸ்லயா போனாரு?”

“பஸ்லதான். நானே கொண்டு விட்டேன்.”

பத்து மணி பஸ். மூன்று மணி நேரம். ஒரு மணிக்கு அங்கே இருப்பான்.

அவள் தெருவில் நின்றபடியே மறுபடி அண்ணிக்கு அடித்தாள், மறுபடி அடித்தாள். அப்போது பள்ளி விண்ணப்பம் நினைவுக்கு வந்தது. பள்ளியின் தொலைபேசி எண்ணில் அண்ணி ஓர் இலக்கத்தை மாற்றி எழுதியிருந்தாள். விண்ணப்பத்தில் இருந்த பள்ளி முத்திரையோடு ஒப்பிட்டுத் திருத்தியவள் சுண்டு. அவளுக்கு முகங்கள் மறந்துபோகும், எண்கள் மறக்காது.

“ஹலோ, நான் இரண்டாம் வகுப்புல படிக்கிற பொண்ணோட அத்தை பேசுறேன்.” பாப்பாவின் பெயரைச் சொன்னாள். “அவ அம்மாவைத் தவிர வேற யார் வந்து கேட்டாலும் பிள்ளையை அனுப்பிடாதீங்க. தயவுசெஞ்சு.”

“யாரும்மா வரப்போறாங்க?” என்றது ஓர் ஆண் குரல்.

“அவங்க அப்பா.”

“அப்பாவா? ஃபார்ம்ல அப்பா பேரு இருக்கேம்மா. அப்பா வந்து கேட்டா எப்படி மாட்டேன்னு சொல்ல முடியும்?”

“அவரு… அவரு நல்லவர் இல்லைங்க.”

முப்பத்தெட்டு வயதில் அண்ணனைப் பற்றி அந்தச் சொல்லை அவள் வாய் முதல் தடவையாகச் சொன்னது. சொன்ன பிறகு தெருவே அவளைத் திரும்பிப் பார்த்ததுபோல இருந்தது. அந்த ஆள் பெருமூச்சு விட்டார்.

“குடும்பச் சண்டையில எங்களை இழுக்காதீங்கம்மா. அம்மாவை வரச் சொல்லுங்க. முதல்ல யாரு வந்து கையெழுத்துப் போடுறாங்களோ அவங்ககூட அனுப்புவோம். அவ்வளவுதான்.”

அதற்குப் பிறகு சுண்டு ஒரு பூட்டின வீட்டின் படியில் உட்கார்ந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை அண்ணிக்கு அடித்தாள். போலீசுக்குச் சொல்லலாம். ஆனால் அப்பா பிள்ளையைப் பார்க்கப் போகிறார் என்பதில் என்ன குற்றம் என்பார்கள். ஆதாரம் எங்கே என்பார்கள். ஆதாரம் அண்ணன் சட்டைப்பையில் இருந்தது. உன்னை நம்பித்தானே அண்ணி எல்லாவற்றையும் எழுதினாள், பாவி, நீயே விலாசம் எழுதிக் கையில் கொடுத்துவிட்டாயே என்று வாய்விட்டே திட்டிக்கொண்டாள். தெருவில் போன ஒருவர் ஒதுங்கிப் போனார்.

பன்னிரண்டு முப்பத்திரண்டுக்கு அண்ணி எடுத்தாள்.

“என்ன சுண்டு, இத்தனை மிஸ்டு கால்?” கேட்கிற காதான வலது காதில்தான் வைத்திருப்பாள்.

“அண்ணி, அண்ணன் வந்துக்கிட்டு இருக்கான். ஸ்கூல் தெரியும், வீடு தெரியும். ஒரு மணிக்கெல்லாம் வந்துடுவான். என்னாலதான் அண்ணி. மெயிலை எல்லாம் பூட்டி வச்சேன், ஒரு காப்பி வெளியே…”

“எத்தனை மணி பஸ்?”

“பத்து.”

“சரி. படபடன்னு பேசாதே, எனக்குக் கேக்காது. ஸ்கூல் பத்து நிமிஷ நடை. ஓடினா அஞ்சு.” ஓடத் தொடங்கிவிட்டாள். மூச்சு வாங்கியது, செருப்பு தட்டியது, யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். அதையெல்லாம் கேட்டுக்கொண்டே சுண்டு போனைக் காதோடு அழுத்திப் பிடித்திருந்தாள். பள்ளியின் கேட் திறந்தது, அண்ணி யாரிடமோ அவசரமாகப் பேசினாள், பேனா கேட்டாள். அப்புறம், எவ்வளவோ நேரம் கழித்து, பாப்பாவின் குரல் கேட்டது. “இன்னும் சாப்பாட்டு டப்பாவே திறக்கலையேம்மா” என்று அது முறையிட்டது.

சுண்டு படியில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

“எங்க போவீங்க அண்ணி? வீட்டுக்குப் போகாதீங்க.”

“போகல. துணிமணி கிடந்துட்டுப் போகுது.”

“அப்ப எங்க?”

பஸ் ஒன்றின் இரைச்சல் நெருங்கி வந்தது.

“உன் மேல கோபம் இல்ல சுண்டு. நீ இல்லைன்னா நான் எப்பவோ செத்திருப்பேன். ஆனா இனிமே உனக்குச் சொல்ல மாட்டேன். உனக்குத் தெரிஞ்சா அவருக்குத் தெரியும். நீ சொல்ல மாட்ட, எனக்குத் தெரியும். ஆனாலும் எப்படியாவது அவருக்குத் தெரிஞ்சிடும். இந்த சிம்மையும் கழட்டிடுறேன்.”

“அண்ணி, ஒரே ஒரு தடவை, போய்ச் சேர்ந்துட்டேன்னு மட்டும்…”

“வேண்டாம்மா.”

பாப்பா யாரோடு பேசுகிறாய் என்று கேட்டது. போன் நின்றது. மறுபடி அடித்தபோது அந்த எண் அணைந்திருந்தது.

சாயங்காலம் ஆறு மணிக்கு அண்ணன் வந்தான். கதவைத் தட்டவில்லை. ஒரு சாவி அவனிடமும் இருந்தது. கையில் காகிதம் சுற்றிய பொம்மை ஒன்று இருந்தது. அதைக் கட்டிலின்மேல் வைத்தான். சட்டைப்பையிலிருந்து டிஸ்க்கை எடுத்து, கைக்குட்டையைப் பிரித்து, மேஜைமேல் வைத்தான்.

“பத்து நிமிஷம், சுண்டு. பத்து நிமிஷத்துக்கு முன்னாடிதான் கூட்டிட்டுப் போனாங்கன்னு சொன்னான் அந்த ஆள். காலையில அத்தைன்னு ஒருத்தங்க போன் பண்ணாங்களாம்.”

சுண்டு மேஜைக்கும் ஜன்னலுக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தாள்.

“நாற்பத்தொண்ணு. எல்லாத்தையும் படிச்சேன். என்னைப் பத்தி என்னெல்லாம் எழுதியிருக்கா! நீயும் பாவம் அண்ணி, பாவம் அண்ணின்னு பதில் எழுதியிருக்க. இங்க கட்டில்ல உட்கார்ந்து நான் அழுதேனே, அப்ப நீ எனக்குத் தண்ணி எடுத்துக் குடுத்தியே சுண்டு.”

“அண்ணா…”

“இதுல ஒரு பெட்டி பூட்டிக் கிடக்கு. புதுசா வந்தது அதுக்குள்ள இருக்கும். பாஸ்வேர்டைச் சொல்லு.”

“நீ படிச்சதுதான் அதுக்குள்ளேயும் இருக்கு. வேற ஒண்ணும் கிடையாது.”

“இப்ப எங்க இருக்கா?”

“தெரியாதுண்ணா.”

சொன்னபோது அவளுக்கே கேட்டது. எட்டு மாதமாகச் சொன்ன அதே சொல், அதே குரல், அதே இழுப்பு. எட்டு மாதம் அதைப் பொய்யாகச் சொன்னபோது நம்பினான். இன்று சத்தியமாகவே தெரியாது. அதைச் சொல்ல அவளிடம் வேறு சொல் எதுவும் இல்லை.

அண்ணன் தலையை ஆட்டினான். கதவருகே போய்த் தாழ்ப்பாளைப் போட்டான். கைக்கடிகாரத்தைக் கழற்றி, பொம்மைக்குப் பக்கத்தில் வைத்தான். அவசரமில்லாமல், குளிக்கப் போகிறவன் வைப்பதுபோல வைத்தான். இதை அவன் இதற்கு முன்பும் பல தடவை செய்திருக்கிறான் என்பது சுண்டுவுக்குப் புரிந்தது. இதுவரை அவள் பயந்ததெல்லாம் அண்ணிக்காக. இப்போதுதான் அது அவளுடைய சொந்தப் பயமாக உடம்புக்குள் வந்து உட்கார்ந்தது.

அவன் முதல் அடி எடுத்து வைத்தபோது அவள் ஜன்னலைத் திறந்து கத்தினாள். என்ன கத்தினாள் என்று பிறகு கேட்டால் அவளுக்கே தெரியாது. தெருவில் ஒரு சைக்கிள் நின்றது. கீழ்வீட்டுக் கதவு திறந்தது.

“என்னம்மா அங்க சத்தம்?” என்று கேட்டபடி கீழ்வீட்டு அம்மாள் மாடிப்படி ஏறி வந்தாள்.

அண்ணனின் முகம் ஒரு நொடியில் மாறியது. தாழ்ப்பாளை விலக்கிக் கதவைத் திறந்து, எல்லோருக்கும் பிடித்த அந்தச் சிரிப்போடு நின்றான். “ஒண்ணுமில்லைங்க, கரப்பான் பூச்சியைப் பார்த்துட்டா. சின்னப் பிள்ளையிலிருந்தே அப்படித்தான்.”

அந்த அம்மாளும் சிரித்தாள். “நான் என்னமோ ஏதோன்னு பயந்தே போயிட்டேன்.” திரும்பிப் படியிறங்கப் பார்த்தாள்.

“கரப்பான் பூச்சி இல்லைங்க” என்றாள் சுண்டு. குரல் உடைந்தது, ஆனாலும் நிறுத்தவில்லை. “எங்க அண்ணன் என்னை அடிக்க வர்றார். அண்ணியை அடிச்சுக் காதைக் கிழிச்சவர். அவங்க எங்கன்னு கேட்டு என்னை அடிக்க வர்றார். போகாதீங்க.”

கீழ்வீட்டு அம்மாள் படியில் ஒரு காலும் மேலே ஒரு காலுமாக நின்றாள். சுண்டுவின் முகத்தைப் பார்த்தாள். கட்டிலில் கழற்றி வைத்த கடிகாரத்தைப் பார்த்தாள். அப்புறம் மேலே ஏறி, அறைக்குள் வந்து, அங்கிருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

“நான் போகல” என்றாள்.

அண்ணன் மேஜைமேல் இருந்த டிஸ்க்கை எடுக்கக் கையை நீட்டினான். அதற்குள் சுண்டு அதை எடுத்து இரண்டு கையாலும் மார்போடு பிடித்துக்கொண்டாள். அவன் அவளைப் பார்த்தான், நாற்காலியில் இருந்தவளைப் பார்த்தான், கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டான். படியிறங்கும்போது யாருக்கோ வணக்கம்கூடச் சொன்னான்.

கீழ்வீட்டு அம்மாள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். போலீஸ் ஸ்டேஷனுக்குத் துணைக்கு வருவதாகச் சொன்னாள். பூட்டுக்காரனைக் கூப்பிட்டு இன்றைக்கே கதவுக்கு வேறு பூட்டுப் போடலாம் என்றாள். சுண்டு எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். டிஸ்க்கை மட்டும் கீழே வைக்கவில்லை.

“அது சரி, உங்க அண்ணி இப்ப எங்கம்மா இருக்காங்க?”

“தெரியாதுங்க” என்று சொல்லிவிட்டு, சுண்டு முதல் தடவையாக அழத் தொடங்கினாள்.